ஓர் அவசரத்தின் இலக்கணம்

ஒரு பொருளுக்கு இலக்கணம் கூற முற்படுவோர் இரண்டு கடமைகளை நிறைவேற்ற வேண்டும் என்று அரபி அளவை நூலார் விதித்தனர். அப்பொருளின் வகைகள் அனைத்தையும் அவ்விலக்கணம் தன்னுள் திரட்டிக்கொள்ள வேண்டும். அப்பொருள் அல்லாத எதையும் உள்ளே நுழையவிடாது தடுக்கவும் வேண்டும். முன்னதை ஜாமிஃ என்றும் பின்னதை மானிஃ என்றும் மதரஸாக்களில் இன்றும் கற்பித்து வருகிறோம். இவ்விரண்டும் தவறும்போது நேரும் குற்றங்களைத் தமிழ்நாட்டுத் தருக்க நூலார் அவ்வியாப்தி, அதிவியாப்தி என வடமொழிப் பெயர்களால் வழங்குவர். இப்பாடத்தை நாம் நெடுங்காலமாக நடத்தி வருகிறோம். அண்மையில் இதற்கு ஒரு புதிய உதாரணம் கிடைத்தது. அது சிறுநீர் பற்றியது.

வாசக அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. நமது ஃபிக்ஹு நூல்களுள் பெரும்பாலானவை தூய்மை இயலில்தான் தொடங்குகின்றன. மனித உடலிலிருந்து வெளியேறுவன எவை, அவற்றால் ஒளு முறிவது எப்போது, முறியாதிருப்பது எப்போது என்பதை நம் முன்னோர் கூச்சமின்றி ஆராய்ந்தனர். வழிபாட்டுக்கு உரிய மனிதனின் உடலைப் பற்றி எழுதுவதும் கல்வியே என அவர்கள் கருதினர். மருத்துவர்களும் அவ்வாறே கருதினர். 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த அபூபக்ர் அர்-ராஸீ தாம் கண்ட நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை எழுதி வைத்தார். அவை அவருக்குப் பின் அல்-ஹாவீ என்னும் பெருநூலில் தொகுக்கப்பட்டன. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. ஒன்று போலத் தோன்றும் இரண்டைப் பிரித்து வெவ்வேறு பெயரால் அழைப்பதே மருத்துவத்தின் பாதி என்பதை அந்நூல் காட்டிற்று.

அந்தப் பணியின் இன்றைய வடிவத்தை நமக்கு விளக்கியவர் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர். ஓதி முடித்தபின் கல்லூரியில் உயிரியலும் பயின்று, இன்று சென்னையில் மருத்துவக் குறியீட்டாளராகப் பணிபுரிகிறார். தமிழ்நாட்டுப் பட்டதாரிகள் ஆயிரக்கணக்கானோர் இத்தொழிலில் இருக்கின்றனர். அமெரிக்க நாட்டு மருத்துவர் ஒருவர் தம் நோயாளியைப் பார்த்து எழுதிய குறிப்பு இங்குள்ள கணினித் திரையில் வந்து நிற்கும். அதனை வரி விடாமல் படித்து, நோய்க்கு ஒரு குறியீடும், செய்த பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வேறு குறியீடுகளும் இடுவது அவர் தொழில். அக்குறியீடுகள் பொருந்தினால்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் வழங்கும். நோய் எத்தனை பேருக்கு வந்தது என்னும் கணக்கும் அவற்றிலிருந்தே எடுக்கப்படும்.

நோய்களுக்குப் பட்டியல் அமைக்கும் முயற்சி நெடிய வரலாறு உடையது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஃபார் மரணக் காரணங்களை வகுத்து எண்ணும் முறைக்கு வழிகாட்டினார். பிரான்சின் ஜாக் பெர்த்தியோன் அமைத்த பட்டியல் 1893இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியலார் அவையில் ஏற்கப்பட்டது. 1948இல் வந்த ஆறாவது திருத்தத்திலிருந்து உலக சுகாதார நிறுவனம் இதன் பொறுப்பை ஏற்றது; மரணக் காரணங்களோடு உயிருடன் இருப்போரின் நோய்களும் அப்போதுதான் பட்டியலில் இடம் பெற்றன. 1990இல் பத்தாவது திருத்தம் ஒப்புதல் பெற்றது. அமெரிக்கா அதனைத் தன் தேவைக்கேற்ப விரித்து, 2015 அக்டோபர் 1 முதல் மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்தியது. பதினோராவது திருத்தம் 2022 ஜனவரி 1இல் உலக அளவில் நடைமுறைக்கு வந்தபின்னும், அமெரிக்கக் குறியீட்டாளர்கள் பத்தாவதையே கையாளுகின்றனர். நம் நாட்டிலும் காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தில் இக்குறியீட்டுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

"ஹஜ்ரத், நீங்கள் கற்பித்த ஜாமிஃ மானிஃ இரண்டும் எங்கள் நூலில் பக்கந்தோறும் இருக்கின்றன" என்றார் அம்மாணவர். உண்மையே. பல குறியீடுகளின் கீழ் 'இதில் அடங்குவன' என்றும் 'இதில் அடங்காதன' என்றும் குறிப்புகள் உள்ளன. அவர் காட்டிய பக்கம் 'ஆர் 39.15' என்னும் குறியீட்டுக்கு உரியது. சிறுநீர் அவசரம் என்பது அதன் பெயர்.

அவசரம் என்றால் என்ன? சிறுநீர்ப்பை நிறைந்தால் எவருக்கும் உந்துதல் வரும். ஏறத்தாழ 300 முதல் 500 மில்லிலிட்டர் வரை தாங்கும் பை அது. நிறைய நிறைய உந்துதல் படிப்படியாக மிகுவது இயல்பு. நீண்ட நேரம் அடக்கியிருந்தவனுக்கு வரும் கடும் உந்துதலும் நோயன்று. முன்னறிவிப்பின்றித் திடீரென எழுந்து, ஒத்திப்போடுவது கடினமாகும்படி மனிதனை வருத்தும் உந்துதலே மருத்துவர் கூறும் அவசரம். சிறுநீர்க் கட்டுப்பாட்டுக் கோளாறுகளை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் 2002இல் இச்சொல்லுக்கு இவ்வாறே வரையறை செய்தது. அடிக்கடி போவது வேறு, இரவில் உறக்கம் கலைந்து எழுவது வேறு, எரிச்சல் வேறு, கசிவு வேறு. இவை சேர்ந்தும் வரலாம், தனித்தும் வரலாம்.

நம் மக்கள் மொழியில் இவ்வேறுபாடுகளுக்குச் சொற்கள் இல்லை என எண்ணிவிடல் ஆகாது. 'முட்டிக்கொண்டு வருகிறது' என்று ஒருவர் கூறினால் அதுவே அவசரம், ஆர் 39.15. 'போய்க்கொண்டே இருக்கிறேன்' என்பது அடிக்கடி கழித்தல், ஆர் 35.0. 'ராத்திரி மூன்று தடவை எழும்ப வேண்டியிருக்கிறது' என்பது ஆர் 35.1. 'கடுக்கிறது, எரிகிறது' என்னும் நீர்க்கடுப்பு ஆர் 30.0. 'ஓடிப்போவதற்குள் பட்டுவிடுகிறது' என்றால் அது அவசரத்தோடு கூடிய கசிவு. அதற்கு என் 39.41. 'இருமினால், தும்மினால் பட்டுவிடுகிறது' என்றால் அவசரமே இல்லாத வேறொரு கசிவு. அதற்கு என் 39.3. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் என் 39.46. ஆறேழு குறியீடுகளுக்கும் ஆறேழு தமிழ் வாக்கியங்கள் நம் வீடுகளில் முன்பே இருக்கின்றன. மருத்துவரின் முன்னால் அமர்ந்ததும் அவை அனைத்தும் மறைந்து, 'கொஞ்சம் நீர்த் தொல்லை' என்னும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுவதே நம் துயரம்.

இப்போது இலக்கணத்தின் தடுக்கும் பகுதியைக் காண்போம். ஆர் 39.15இன் கீழே, அவசரத்தோடு கசிவும் உடையவரை இங்கே சேர்க்கலாகாது என்னும் விலக்கு எழுதப்பட்டுள்ளது. கசிவு வந்துவிட்டால் என் 39.41க்கோ என் 39.46க்கோ சென்றுவிட வேண்டும். அவசரத்தைத் தனியே குறிக்கலாகாது. மருத்துவர் வெறுமனே 'கசிவு' என்று மட்டும் எழுதி, எவ்வகைக் கசிவு என்பதை விட்டுவிட்டாலோ, அது வகை கூறப்படாத கசிவாகி ஆர் 32இல் விழும். அங்கே விழுந்த நோயாளியின் துன்பம் இருமலால் வந்ததா, அவசரத்தால் வந்ததா என்பதை அப்பதிவிலிருந்து எவரும் அறிய முடியாது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு.

இதனினும் நம்மைக் கவர்ந்தது மற்றொரு விதி. இந்நூலில் ஆர் என்னும் எழுத்தில் தொடங்குவன நோய்களின் பெயர்கள் அல்ல, அறிகுறிகளின் பெயர்கள். காரணம் உறுதியாகும்வரை அறிகுறியையே எழுத வேண்டும். வெளிநோயாளியைப் பார்த்த மருத்துவர் 'மிகைச் செயற்பாட்டுச் சிறுநீர்ப்பையாக இருக்கலாம்' என்று எழுதினால், குறியீட்டாளர் அந்நோய்க்குரிய என் 32.81ஐ இடலாகாது. 'இருக்கலாம்', 'ஐயம்', 'அன்று என்பதை உறுதிசெய்ய வேண்டும்' என்பன போன்ற சொற்கள் வந்தால் ஆர் 39.15 என்னும் அறிகுறியோடு நின்றுவிட வேண்டும். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று வெளியேறுவோர் பற்றிய விதி வேறு. அங்கே இறுதிவரை நீங்காத ஐயத்தை நோயாகவே குறிக்க இடமுண்டு. வந்து பார்த்துப் போகும் பெரும்பான்மையோர்க்கு விதி இதுவே: ஐயத்தின் மேல் பெயர் சூட்டாதே.

உறுதியை ஐயம் நீக்காது என்பது நம் சட்ட நூல்களின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஒளுவோடு இருந்தவர், ஒரு சொட்டு வெளிப்பட்டதோ என ஐயுற்றால், உறுதிப்படும்வரை அவரது ஒளு நிலைத்தே இருக்கும். பதிவேட்டில் எழுதப்படும் நோயின் பெயர் ஒரு மனிதனை ஆண்டுக்கணக்கில் தொடரும். அடுத்த மருத்துவர் அதனை உண்மை என நம்பியே மருந்து தருவார். ஆதலின் உறுதியாகாததை உறுதியானது போல் எழுதுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

காரணம் உறுதியானபின் என்ன செய்வது? அதற்கும் விதி உண்டு. சிறுநீர்ப்பை அழற்சி என உறுதியாயின், அவசரம் அந்நோயோடு வழக்கமாக வருவது ஆதலால் தனியே குறிப்பதில்லை. மிகைச் செயற்பாட்டுச் சிறுநீர்ப்பையின் வரையறையிலேயே அவசரம் அடங்கியிருக்கிறது. அங்கும் தனிக் குறியீடு வேண்டா. ஆனால் முதியோர்க்கு வரும் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்தில் நிலை வேறு. சிறுநீர் அறிகுறிகளோடு கூடிய வீக்கத்துக்கு என் 40.1 இட்டு, அதன்பின் அவசரம், இரவில் எழுதல், மெலிந்த தாரை, முழுதும் கழியாமை என உள்ள அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தெழுதுமாறு நூலே ஆணையிடுகிறது. வீங்கிய சுரப்பி உள்ளோர் அனைவரும் ஒரே வகையில் துன்புறுவதில்லை அன்றோ!

எல்லாவற்றுக்கும் ஆதாரம் மருத்துவரின் எழுத்து. ஓர் உதாரணம் புனைந்து கூறுவோம். 'சிறுநீர்த் தொல்லை, மருந்து தொடர்க' என்பது ஒரு குறிப்பு. '68 வயது ஆண், ஆறு மாதமாகத் திடீர் அவசரம், பகலில் 11 முறை, இரவில் 3 முறை, கசிவு இல்லை, எரிச்சல் இல்லை, சிறுநீரில் இரத்தம் இல்லை, நீர் பிரிக்கும் மாத்திரை உண்பதில்லை, கழித்தபின் பையில் மீதி 40 மில்லிலிட்டர், காரணம் இன்னும் உறுதியாகவில்லை' என்பது மற்றொரு குறிப்பு. முதற்குறிப்பிலிருந்து குறியீட்டாளர் எதையும் துணிய முடியாது. இரண்டாவதிலிருந்து ஆர் 39.15, ஆர் 35.0, ஆர் 35.1 என மூன்றையும் ஐயமின்றி எழுதுவார். மீதச் சிறுநீரை ஒலியலைக் கருவியால் அளந்ததற்கு 51798 என்னும் செயற்குறியீடு உண்டு. அதனை அளக்க வேண்டியதன் காரணமாக இவ்வறிகுறிகள் நின்று துணைசெய்யும். 'இல்லை' என எழுதப்பட்டவற்றின் மதிப்பையும் காண வேண்டும். இரத்தம் இல்லை என்னும் ஒரு சொல், அடுத்து ஆராய வேண்டியது எது என்பதையே மாற்றிவிடும். அவசரத்தோடு இரத்தமும் கண்டால் கல், கட்டி, புற்றுநோய் ஆகியவற்றையும் மருத்துவர் தேடியாக வேண்டும்.

குறிப்பில் குறை இருந்தால் குறியீட்டாளர் தாமாக ஊகித்து நிரப்பலாகாது. மருத்துவரிடம் கேட்க வேண்டும். அக்கேள்வியும் விடையைத் தன்னுள் ஒளித்து வைத்திருத்தல் கூடாது. 'கசிவு இருந்தது என்று எழுதிவிடலாமா?' எனக் கேட்பது முறையன்று. 'கசிவு உண்டா, இல்லையா, உண்டெனில் எவ்வகை?' எனக் கேட்பதே முறை. பணம் கூடுதலாக வரும் விடையின் பக்கம் மருத்துவரைத் தள்ளிவிடலாகாது என்பதற்காகவே இக்கட்டுப்பாடு. இதைக் கேட்டபோது, சாட்சி கூறுபவனுக்கு நீதிபதி சொல் எடுத்துக் கொடுப்பதை நம் சட்ட அறிஞர்கள் வெறுத்தது நினைவுக்கு வந்தது. நோயாளி கூறியதை மருத்துவர் எழுத, மருத்துவர் எழுதியதைக் குறியீட்டாளர் எண்ணாக மாற்ற, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு ஓர் அமானிதம் போகிறது. கூட்டாமலும் குறைக்காமலும் ஒப்படைப்பதே அமானிதத்தின் நிபந்தனை.

அவசரத்தையும் கசிவையும் பிரித்தறியும் இந்த நுட்பம் நம் ஃபிக்ஹு நூல்களுக்குப் புதியதன்று. சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்பவனுக்கு ஹாகின் என்று பெயர். அவனது ஒளு முறியவில்லை. ஆனால் அந்நிலையில் தொழுவது வெறுக்கப்பட்டது. முதலில் கழித்துவிட்டு வருமாறே நபிமொழி பணிக்கிறது. கோபத்தில் இருக்கும் நீதிபதி தீர்ப்பளிக்கலாகாது என்னும் நபிமொழியைச் சட்ட அறிஞர்கள் விரித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கும் நீதிபதிக்கும் பொருத்தினர். அவ்வுந்துதல் மனிதனின் சிந்தையை எவ்வளவு கலைக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அடக்க இயலாது கசிந்துகொண்டே இருப்பதோ ஸலஸுல் பவ்ல் எனப்படும். அத்துன்பம் உடையவர் மஃதூர், அதாவது காரணம் உடையவர். ஒரு தொழுகை நேரம் முழுவதிலும் ஒளுவோடு தொழுது முடிக்கும் அளவுக்கேனும் இடைவெளி கிடைக்காதவரையே ஹனஃபி நூல்கள் முதலில் இப்பெயரால் ஏற்கின்றன. ஏற்றபின் ஒவ்வொரு நேரத்துக்கும் ஓர் ஒளு போதும் என்கின்றன. ஷாஃபிஈ நூல்கள், நேரம் நுழைந்தபின் ஒவ்வொரு கடமையான தொழுகைக்கும் தனி ஒளு வேண்டும் என்கின்றன. இரண்டு மத்ஹபுகளும் பின்பற்றப்படும் தமிழகத்தில் இவ்வேறுபாடு அறிஞர்க்குப் புதிதன்று. நாம் சுட்ட விழைவது இதுவே: சலுகை இருக்கிறது. ஆனால் தம் நிலை இன்னதென எடுத்துக் கூறியவர்க்கே அச்சலுகை தெரியவரும்.

கூறாதவர் நிலை என்ன ஆகும் என்பதை நம் குடும்பத்திலேயே கண்டோம். நம் பெரியத்தா ஐம்பது ஆண்டுகள் முதல் வரிசையில் நின்று தொழுதவர். எழுபதை நெருங்கிய காலத்தில் முதல் வரிசையை விட்டுக் கடைசி வரிசைக்கு வந்தார். பின்னர் வாசற்படி அருகே நின்றார். பின்னர் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வந்தார். பிறகு அதுவும் நின்றது. வெளியூர்த் திருமணங்களுக்கும் போவதை நிறுத்தினார். வயதான காலத்தில் மார்க்கப் பற்றுக் குறைந்துவிட்டது என ஊரில் சிலர் பேசினர். அவரோ வீட்டின் பின்கட்டில், கழிப்பிடத்துக்குப் பத்தடி தூரத்தில், தனியே தொழுதுகொண்டிருந்தார். குத்பா முடியுமுன் முட்டிக்கொண்டு வந்தால் ஆட்களைத் தாண்டி ஓட வேண்டுமே என்னும் அச்சம் அவரைப் பள்ளிவாசலிலிருந்து பிரித்தது.

இத்தனை ஆண்டுகளில் அவர் மருத்துவரிடம் போகாமலும் இல்லை. ஒரு மருத்துவமனையின் சீட்டுகளை அவர் மறைந்தபின் நாம் எடுத்துப் பார்த்தோம். நான்கு ஆண்டுச் சீட்டுகள்; ஒவ்வொன்றிலும் நீர்த் தொல்லை என்னும் பொருள் தரும் ஒரே ஆங்கிலச் சொல், அதன்கீழ் ஒரே மாத்திரை. எத்தனை முறை, இரவிலா பகலிலா, அவசரமா கசிவா என எதுவும் இல்லை. பெரியத்தா கூறவில்லை, அங்கே எவரும் கேட்கவும் இல்லை. இறுதியாண்டில் வேறோர் இளம் மருத்துவர் அவரை அமரவைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மூன்று நாள் கழித்த நேரங்களையும் அளவையும் ஒரு தாளில் குறித்து வரச் செய்தார். சுரப்பி வீங்கியிருப்பது தெரிந்தது, மருந்தும் மாறியது. அவ்வாண்டு ரமலானில் பத்து நாட்கள் அவர் தராவீஹுக்கு வந்து, நின்று தொழுதார். அந்த நான்கு ஆண்டுகளை அவருக்கு யார் திருப்பித் தருவார்?

பெண்களின் நிலை இன்னும் கடினம். பேருந்துப் பயணம் என்றால் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் தாய்மாரை நாம் அறிவோம். பிள்ளைகள் பெற்ற உடலுக்கு இது விதி என அவர்கள் ஏற்றுக்கொள்கின்றனர். இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியாலும், சிறுநீர்ப்பையை நேரப்படி பழக்குவதாலும், தேவைப்பட்டால் மருந்தாலும் பலருக்கு இத்துன்பம் குறையும் என்பதை அவர்களுக்குக் கூறுவார் இல்லை. அவர்களது சொல் மருத்துவரின் தாளை எட்டாதபோது எந்தக் கணக்கிலும் அவர்கள் இல்லை. கணக்கில் இல்லாதவர்க்காகப் பேருந்து நிலையத்தில் கழிப்பறை கட்டுவோரும் இல்லை.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தூய்மை பற்றிய ஐயங்களை நபிகளாரிடம் நேரே கேட்டுத் தெளிந்த அன்ஸாரிப் பெண்மணிகளை, மார்க்க விளக்கம் பெறுவதற்கு வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை எனக் கூறி அன்னை ஆயிஷா அவர்கள் பாராட்டியதும் நமக்குத் தெரியும். தீய செயலுக்கு வேலியாக நிற்பது வெட்கம். தன் துன்பத்தைக் கூறவிடாமல் வாயை அடைப்பதற்கு அப்பெயர் பொருந்தாது. இங்கும் இலக்கணம் தேவைப்படுகிறது.

ஆகவே, இக்குறை உடையோர் மருத்துவரிடம் செல்லுமுன் மூன்று நாட்களுக்கு ஒரு தாளில் நேரம், அளவு, அவசரம் உண்டா, கசிவு உண்டா என்பவற்றைக் குறித்துச் செல்வாராக. 'நீர்த் தொல்லை' என்பதோடு நிறுத்தாது, முட்டிக்கொண்டு வருகிறதா, ஓடுவதற்குள் பட்டுவிடுகிறதா என வீட்டு மொழியிலேயே கூறுவாராக. மருத்துவர்கள் அதனை அப்படியே எழுதுவாராக. பள்ளிவாசல் நிர்வாகிகள் முதியோர்க்குக் கழிப்பிடத்தின் அருகே ஒரு வரிசையும் சில நாற்காலிகளும் ஒதுக்குவாராக. கடைசி வரிசையில் நிற்பவரைக் கண்டு அவர் பக்தியை அளக்கும் வழக்கத்தை நாம் அனைவரும் கைவிடுவோமாக.

நம் மாணவர் நாள்தோறும் ஏராளமான தாள்களைப் படிக்கிறார். கடலுக்கு அப்பால் உள்ள அந்நோயாளிகளுள் எவர் முகத்தையும் அவர் கண்டதில்லை. "ஹஜ்ரத், எழுதப்படாதது நடக்கவே இல்லை என்பதுதான் எங்கள் தொழிலின் முதற்பாடம்" என்றார் அவர். அத்தொழிலுக்கு அது சரியே. மனிதர்க்கோ எழுதப்படாததும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, பின்கட்டுகளில், தனியே. அதனைத் தாளுக்குக் கொண்டுவருவது கற்றோர் அனைவர்க்கும் உரிய கடமை.